ஊத்தாவுக்குள் ஒரு பள்ளிக்கூடம்: நார்த்தாமலைப் பக்கத்து நாட்டு மீன்கள்

நார்த்தாமலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் மேலேதான் பார்ப்பார்கள். ஒன்பது குன்றுகள், மேலமலை மேல் விஜயாலய சோழீச்சரம், எதிரே பழியிலி ஈச்சரமும் சமணர் குடகும். நகரத்தார் மலை என்பதுதான் நார்த்தாமலை ஆயிற்று என்பார்கள். வணிகக் குழுக்கள் இருந்து ஆண்ட ஊர். இதைப் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தக் குறிப்பில் நான் கீழே பார்க்கப் போகிறேன். இந்த மொட்டைப் பாறைகளில் விழுகிற மழை ஓடிப்போய்ச் சேர்கிற கண்மாய்களை, அதில் கிடக்கிற மீன்களை, அந்த மீன்களை நம் ஆட்கள் எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்பதை.

காரணம் இருக்கிறது. கொஞ்ச காலமாக நாட்டு மீன்களைப் பிள்ளைகளுக்குக் கையில் காட்டிச் சொல்லித்தரும் இயற்கைப் பட்டறைகள் அங்கங்கே நடக்கின்றன. கைவலை, வெள்ளைத் தட்டு, சின்னக் கண்ணாடித் தொட்டி, அவ்வளவுதான் சாமான். ‘நல்ல புது யோசனை’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் புதுசா? புதுக்கோட்டைச் சீமையில் இதற்கு ஒரு நீண்ட முன்கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பட்டறையில் எதைச் சொல்லித்தர வேண்டும் என்பதே மாறிப்போகும் என்பது என் கட்சி.

ஆறு இல்லாத சீமை

புதுக்கோட்டையில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஆறு கிடையாது. வெள்ளாறு மழைக்கு ஓடும், பிறகு மணல். 1934ல் திறந்த கல்லணைக் கால்வாய் வழியாகக் காவிரித் தண்ணீர் வந்ததும் அறந்தாங்கிப் பக்கம்தான். மற்ற இடமெல்லாம் வானம் பார்த்த பூமி. சராசரி மழை 900 மில்லிமீட்டர் சுமாருக்கு. அதில் கணிசமான பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். மொட்டைப் பாறை ஒரு சொட்டையும் குடிக்காது. அப்படியே வழித்துக் கீழே தள்ளிவிடும். விஜயாலய சோழீச்சரத்திலேயே, சாத்தன் பூதி எடுத்த கற்றளி மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவன் புதுப்பித்தான் என்று கல்வெட்டு இருக்கிறது.

அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான் கண்மாய். மாவட்டம் முழுக்க ஐயாயிரத்துக்கும் மேல். ஒன்று நிரம்பினால் கலிங்கு வழியாக அடுத்ததற்குப் போகும். வரத்து வாரியும் மடையும் சேர்ந்து ஒரு சங்கிலி. மார்கழியில் கடல் மாதிரி இருக்கும் கண்மாய் சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இப்படிப்பட்ட தண்ணீரில் எந்த மீன் பிழைக்கும்?

அதற்கேற்ற மீன்தான் பிழைக்கும். விராலும் குரவையும் நேராகக் காற்றை இழுத்து மூச்சு விடும். தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைவரை கிடக்கும். தேளிக்கு மூச்சுப்பை உண்டு. பனையேறி ஈரத்தரையில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றி நடந்து அடுத்த குட்டைக்குப் போய்விடும். அயிரை மணலில் முங்கிக்கொள்ளும். மற்றதெல்லாம் புதுத்தண்ணீர் வந்ததும் கீழ்க் கண்மாயில் இருந்து வாரியில் எதிர்த்து ஏறி வரும். ‘காஞ்ச கம்மாய்ல மழை பெஞ்ச மறுவாரமே மீனு எங்கேருந்து வருது? வானத்துல இருந்தா?’ என்று கேட்பார்கள். பாதி சேற்றிலிருந்து, பாதி சங்கிலியின் அடுத்த கண்ணியிலிருந்து. வாரியை ஆக்கிரமித்தால் பயிருக்குத் தண்ணீர் போகாது என்று நமக்குத் தெரியும். மீனுக்கு வழியும் போய்விடும் என்பது அவ்வளவாகத் தெரியாது.

கூரையில் நீந்தும் மீன்கள்

நார்த்தாமலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் சித்தன்னவாசல். குடைவரையின் அர்த்த மண்டபக் கூரையில் ஒரு தாமரைக் குளம். யானை, எருமை, அன்னம், பூப்பறிக்கும் ஆட்கள், நடுநடுவே மீன்கள். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்தான் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அது சமணருடைய புண்ணியக் குளம். அந்த மீன் இன்ன சாதி என்று காட்டுவதற்காக வரைந்ததல்ல. ஆனாலும் தாமரைத் தண்டுக்கு நடுவில் மீன் எப்படி வளைந்து திரும்பும் என்பதை, குளத்தங்கரையில் உட்கார்ந்து பார்த்த கைதான் அப்படி வரையும்.

பேர்கள் அதைவிடப் பழசு. வரால், வாளை, ஆரல், அயிரை, கெளிறு எல்லாம் சங்கப் பாடல்களிலேயே வந்துவிடுகின்றன. அந்த வரால்தான் நம் விரால், கெளிறுதான் கெளுத்தி. ஈராயிரம் வருஷமாகக் கண்மாயில் மீனும் வாயில் பேரும் சேர்ந்தே வந்திருக்கின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளில் மீன்பாட்டம், பாசிப்பாட்டம் என்று குளத்து மீனுக்கு வரியும் குத்தகையும் வருகின்றன. மீன் ஊர்ப்பொதுவான வருமானமாகவும் இருந்தது.

பேர் கப்பலேறிய கதை

நம் குளத்து மீன்கள் உலகப் புத்தகத்தில் ஏறியது இங்கிருந்து அதிக தூரமில்லாத தரங்கம்பாடி வழியாக. டேனிஷ்காரர்களின் ஊர். அங்கே இருந்த மிஷனரி கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், சேகரித்த மீன்களைப் பெர்லினில் இருந்த மார்க்கஸ் பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பிளாக் 1794ல் விவரித்த மீன்களில் நம் தேளியும் கெளுத்தியும் உண்டு; இரண்டும் தரங்கம்பாடிச் சரக்கு. அதே ஊரில் இருந்த டால்டார்ஃப் என்ற அதிகாரி, குளத்தோரப் பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் ஒரு மீன் தொற்றி ஏறியதைப் பார்த்ததாக எழுத, அது 1797ல் லண்டனில் அச்சானது. உலகமே வியந்தது. தமிழில் அதற்கு ஏற்கெனவே பேரே பனையேறி! மரமேறுகிற கதையைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் அவ்வளவாக ஏற்கவில்லை. தரையில் நடப்பதை மறுக்கவில்லை.

அயிரையின் கதையும் இப்படித்தான். 1846ல் அதற்கு அறிவியல் பேர் வைத்தபோது ‘வெந்நீருக்குரியது’ என்ற பொருளில் தெர்மாலிஸ் என்றார்கள். மாதிரி கிடைத்த இடம் திருகோணமலை கன்னியா வெந்நீரூற்று. நம் வீட்டில் குழம்பு வைக்கிற மீனின் பேருக்குள் ஈழத்துக் கன்னியா இருக்கிறது என்பதை அறிந்தபோது எனக்குச் சிலிர்த்துப்போனது.

பிறகு ஃபிரான்சிஸ் டே. சென்னைப் படையில் மருத்துவராக இருந்து, இந்திய மீன்வளத்துக்கே தலைமை ஆய்வாளர் ஆனவர். 1873ல் நன்னீர் மீன்கள் பற்றிப் பெரிய அறிக்கை; 1875 முதல் 1878 வரை இந்திய மீன்கள் பற்றிய பெரும் நூல். அந்த நூலில் எனக்குப் பிடித்தது படங்களைவிட, ஒவ்வொரு மீனுக்கும் கீழே அவர் வரிசையாகக் கொடுத்திருக்கும் உள்ளூர்ப் பேர்கள். தமிழ், தெலுங்கு, மலையாளம் என்று போகும். அந்தப் பேர்களை யாரோ மீன்காரர்கள் வாயால் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் பேர் மட்டும் இல்லை.

கண்ணாடிக்குப் பின்னால்

புத்தகம் படித்தவர்களுக்கு. பொதுமக்களுக்கு? அருங்காட்சியகம் வந்தது. சென்னைக்காரர்கள் எழும்பூர் மியூசியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொன்னது சும்மா கிண்டல் இல்லை. மக்களே நிறுவனங்களைச் சரியாக வகைப்படுத்திவிட்டார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்றாக, எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் 1909ல் மெரினாவில் மீன் காட்சிசாலை திறந்தார்கள். கூட்டம் அலைமோதியது. கடல் மீன்களுக்குத்தான் அங்கே பெருமை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. புதுக்கோட்டை சமஸ்தானமும் 1910லேயே தனக்கென்று அருங்காட்சியகம் தொடங்கிவிட்டது; இன்றும் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது.

இந்தக் கல்விக்கு ஒரு குறை. மீன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். கண் கற்றுக்கொள்ளும், கைக்கு வேலையில்லை. குளமும் காணாமல் போய்விடும்.

‘களைமீன்’ என்ற சொல்

அடுத்து வந்த கல்விதான் ஊருக்குள் ஆழமாக இறங்கியது. 1900களின் தொடக்கத்தில் நிக்கல்சன் முயற்சியில் சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறை உருவானது. 1911ல் கர்னூல் பக்கம் சுங்கேசுலாவில் மீன் பண்ணை. 1940களில் உணவுப் பஞ்சம், ‘அதிக உணவு உற்பத்தி’ இயக்கம். குளத்திலெல்லாம் மீன்குஞ்சு விடுங்கள் என்றார்கள். 1952ல் ஆப்பிரிக்கத் திலேப்பியா இலங்கையிலிருந்து மண்டபம் வந்து சேர்ந்தது. நாம் ஜிலேபிக்கெண்டை என்று இனிப்பாகப் பேர் வைத்துக்கொண்டோம். 1957ல் ஹிராலால் சௌத்ரி, கெண்டைகளுக்குப் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு முட்டையிட வைக்கும் முறையைச் செய்துகாட்டினார். அதற்குப் பிறகு கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு லாரியில் வந்து இறங்கியது. காவிரிப் படுகைக்கே வெளியூர்க்காரர்களான இந்த மூன்றும்தான் இன்று சந்தையில் ‘மீன்’.

பசித்த நாட்டுக்குப் புரதம் கொடுத்த வேலை அது. அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதோடு ஒரு சொல்லும் வந்தது: களைமீன். மீன் வளர்ப்புக் கையேடுகளைப் புரட்டினால் குஞ்சு விடும் முன் முதல் வேலையாக, குளத்தில் உள்ள களைமீன்களையும் கொன்றுண்ணி மீன்களையும் அகற்று என்று இருக்கும். அந்தப் பட்டியலில் யார் யார்? பொடிக்கெண்டை, விரால், குரவை, கெளுத்தி, பனையேறி, உளுவை. ஊரில் பிறந்த அத்தனை பேரும் களை!

அகற்றும் வழி இலுப்பைப் பிண்ணாக்கு. ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு 2,500 கிலோ. அதிலுள்ள சப்போனின் மீனின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கொல்லும். இரண்டு மூன்று வாரத்தில் நஞ்சு போய் உரமாகிவிடும். பேரைக் கேட்டாலே இலுப்பை ஞாபகம் வருகிற இலுப்பூர் நார்த்தாமலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த மரம் அது. 1897ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டம் தண்ணீரில் நஞ்சு கலந்து மீன் கொல்வதைக் குற்றம் என்கிறது. அரை நூற்றாண்டு கழித்து நஞ்சு வைப்பது பண்ணை நுட்பமாகப் பாடத்தில் ஏறுகிறது. பெரிய கண்மாயில் அத்தனை பிண்ணாக்கை யாரும் கொட்ட மாட்டார்கள், அது பண்ணைக் குட்டைக்கான முறைதான். ஆனால் சொல் கண்மாய்வரை வந்துவிட்டது. ஏலம் எடுத்த குத்தகைதாரர், குஞ்சு விட்ட காசைத் திரும்ப எடுக்க வேண்டியவர், விராலைப் பார்த்தால் எதிரியைப் பார்த்த மாதிரிதான் பார்ப்பார். அவர் கணக்கில் அதுவும் நியாயம்.

எந்த மீனையும் காட்டாமலேயே ஒரு சமுதாயத்துக்கு மீன் பற்றிய பாடத்தை மாற்றிச் சொல்லிக்கொடுக்க முடியும். ஒரு சொல் போதும்.

ஊத்தா

இத்தனைக்கும் நடுவில் இன்னொரு பள்ளிக்கூடம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. மீன்பிடித் திருவிழா. கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீர் நிற்கும்போது ஊர்ப் பெரியவர்கள் நாள் குறிப்பார்கள். முன்பு தண்டோரா, இப்போது வாட்ஸ்அப். விடியும்போதே சுற்றுப்பட்டு ஊர் ஜனமெல்லாம் கரையில் நிற்கும். சாமி கும்பிட்டு, பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். கச்சா, தூரி, வலை; எல்லாவற்றுக்கும் மேலே ஊத்தா. அன்றைக்குப் பிடித்ததை விற்பதில்லை, வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும் என்பது பல ஊர் வழக்கம்.

ஊத்தா தெரியாதவர்களுக்கு: மூங்கில் குச்சிகளைக் கட்டிச் செய்த கூடை. அடிவாய் அகலம், மேல்வாய் குறுகல், இரண்டு பக்கமும் திறப்பு. கலங்கிய தண்ணீரில் நடந்துகொண்டே குத்திக் குத்தி வைப்பார்கள். உள்ளே மீன் மாட்டினால் மோதுகிற அதிர்வு குச்சியில் தெரியும். உடனே மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும்.

இங்கேதான் விஷயம். தண்ணீர் சேறு, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கை மட்டும்தான். வழுவழுவென்று உருண்டு திமிறினால் விரால். தலையோடு சேர்த்து அமுக்கணும். மீசை தட்டுப்பட்டால் கையைச் சட்டென்று நிறுத்தணும், கெளுத்தியாக இருக்கலாம், பக்க முள்ளும் முதுகு முள்ளும் இறங்கிவிடும். தேளி என்றால் இன்னும் மோசம், முள்ளில் விஷம். செவுள் ஓரம் ரம்பம் மாதிரி அறுத்தால் பனையேறி. பத்து வயசுப் பிள்ளை அப்பா பக்கத்தில் நின்று இதையெல்லாம் ஒரே காலையில் படித்துவிடும். தவறாகப் படித்தால் தண்டனையும் உடனே கையில் கிடைக்கும்! ‘செய்து கற்றல்’ என்று இன்று பயிற்சிகளில் சொல்கிறார்களே, அதன் அசல் இதுதான்.

இதை ரொம்பப் புனிதமாக்கவும் வேண்டாம். ஊரணியில் தண்ணீர் மொள்ளவே சாதி பார்த்த ஊர்கள் இருந்த நாடு இது. எல்லாக் கண்மாயும் எல்லாக் காலத்திலும் எல்லாருக்கும் திறந்திருந்தது என்று சொன்னால் பொய். அதோடு, இந்தப் பள்ளியில் மீன் சட்டிக்குத்தான் போகும். ஆனால் கண்மாய் முழுக்கத் துடைத்தாலும் சேற்றில் புதைந்தது தப்பிக்கும், அடுத்த மழையில் வாரி வழியாகப் புதுசு ஏறும் என்ற நிலைமை இருந்தவரை அந்த அறுவடை தாங்கியது. இப்போது ஊத்தாவுக்குள் பெரும்பாலும் மாட்டுவது ஜிலேபியும் விட்ட கட்லாவும். பள்ளிக்கூடம் நடக்கிறது, பாடம் மாறிப்போச்சு.

பட்டறை என்ன செய்யலாம்

நார்த்தாமலைப் பக்கம் சின்ன அளவில் நடந்த ஒரு பட்டறையில் உதவிக்கு நின்றேன். இருபது பிள்ளைகள், ஒரு குட்டை, இரண்டு கைவலை. கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும், காய்ந்த கை பட்டால் மேல் வழவழப்பு போய்விடும் என்பதில் தொடங்கி, நிழலில் வாளி, பத்து நிமிஷத்துக்குள் பிடித்த இடத்திலேயே விடுவது வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்த ஒரு சின்ன மீனைப் பார்த்துப் பிள்ளைகள் ஆவென்று நின்றார்கள். மேல்மட்டத்திலேயே நீந்திக் கொசுப்புழுவைத் தின்கிற நம் ஊர் மீன். அந்த வேலைக்கென்று 1928லேயே வெளிநாட்டுக் கம்பூசியாவை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

அப்போது ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு ஆத்தா கரையில் நின்று வேடிக்கை பார்த்தார். தட்டில் கிடந்த புள்ளி போட்ட மீனைக் காட்டி, சொல்லிக்கொடுக்க வந்தவர் லத்தீன் பேரைச் சொன்னார்.

“அது என்னப்பா பேரு, வாய்க்குள்ளயே நுழைய மாட்டேங்குது. உளுவைப்பா அது. தரையோட ஒட்டிக்கிட்டுக் கெடக்கும்,” என்றார் ஆத்தா.

“அப்பத்தா, இது?” என்று ஒரு பையன் அடுத்த தட்டை நீட்டினான்.

“கொரவைக் குஞ்சு. விராலுக் குஞ்சுன்னா செக்கச்செவேல்னு கூட்டமாத் திரியும், ஆத்தாளும் அப்பனும் கீழேயே காவல் நிக்கும். அந்த நேரத்துல விராலைப் பிடிக்கக் கூடாதுடா, பாவம்.”

விரால் பார்ப்புகள் செம்மஞ்சளாகக் கூட்டம் கூட்டமாகத் திரிவதும், தாய் தகப்பன் காவல் காப்பதும் மீனியல் புத்தகத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் பிடிக்கக் கூடாது என்பது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அடுத்த அரை மணி நேரம் பட்டறையை நடத்தியது ஆத்தாதான்.

அதனால் நான் சொல்ல வருவது சுருக்கமாக இது. மீனைக் காட்டுவதோடு பட்டறை நின்றால் அது தண்ணீரோரத்தில் வைத்த கண்ணாடித் தொட்டிதான். ஃபிரான்சிஸ் டே செய்ததில் பாதியையும் ஊத்தா செய்ததில் பாதியையும் சேர்த்துச் செய்ய வேண்டும். பிள்ளைகள் கையில் நோட்டு இருக்கட்டும். ஒவ்வொரு மீனுக்கும் அந்த ஊர்ப் பேர், சொன்னவர் வயசு, எந்த மாசம் எங்கே கிடைக்கும், கடைசியாக எப்போ பார்த்தார். டே விட்டுப்போன பேரையும், அவர்கள் சம்மதித்தால், எழுதட்டும்: சொன்னவர் பேர். திருவிழா நடக்கிற ஊரில் அன்றைக்கே போய், கரையேறும் மீனைச் சாக்கில் பரப்பி எத்தனை வகை என்று எண்ணலாம். ஒரு மீனையும் கூடுதலாகப் பிடிக்கத் தேவையில்லை. வருஷா வருஷம் எண்ணினால், எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமலே அந்தக் கண்மாயின் வரலாறு கையில் இருக்கும். பெரிய கண்மாய் நீர்வளத் துறையிடமும் சின்னது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். குத்தகைதாரர் வேறு இருப்பார். முன்கூட்டியே அவரிடம் பேசிவிட்டால், களைமீன் பற்றி அவரும் உட்கார்ந்து நம்மோடு பேசுவார்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஒரு குளத்து மீனை இன்னொரு குளத்தில் ‘காப்பாற்றுகிறேன்’ என்று விடக் கூடாது. ஜிலேபியும் நல்ல எண்ணத்தில் விட்டதுதான். ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000ல் தடைசெய்த பிறகும் அது ஓய்ந்தபாடில்லை. வீட்டுத் தொட்டியில் கண்ணாடி சுத்தம் செய்ய வாங்கிய டேங்க் கிளீனர் மீன் இன்று ஏரிகளில் வலையைக் கிழிக்கிறது.

பேர் போனால் என்ன என்று கேட்கலாம். பேர் இருக்கும்வரைதான் ‘உளுவையை ஏன் இப்போ காணோம்?’ என்று ஒருவர் கேட்க முடியும். பேர் போய்விட்டால் கேள்வியே எழாது. குளத்தில் ஏதோ மீன் இருக்கிறது, போதும் என்றாகிவிடும். இந்தச் சீமையில் அந்தப் பேர்கள் இப்போது ஊத்தா பிடித்த கைகளிடம்தான் இருக்கின்றன, அவர்களுக்கு அறுபது எழுபது வயசு. அடுத்த பட்டறைக்குத் தேதி வைக்கும் முன், அப்படி ஒருவரைக் கண்டுபிடித்து, “வந்து சொல்லிக்குடுங்க அய்யா” என்று முறைப்படி கூப்பிட்டு, முன்வரிசையில் நாற்காலி போட வேண்டும்.